நாளைக்கு யாரைக் கூப்பிடணும்?

சென்ற ஆடி மாதம் இலஞ்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சித்தி மகன் ஒரு கேள்வி கேட்டான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மடியில் லேப்டாப்பை வைத்து, நனையாமல் இருக்கத் துண்டால் மூடியிருந்தான்.

"அண்ணே, எதை பேஸா எடுக்கலாம்? உபுண்டுவா, டெபியனா, ஆர்ச்சா?"

அவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து ஊரில் ஒரு படிப்பகம் நடத்துகிறான். அங்கே 14 பழைய மடிக்கணினிகள் வந்து சேர்ந்திருந்தன. பெரும்பாலானவை தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். படித்து முடித்து வேலைக்குப் போன அக்காக்களும் அண்ணன்களும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவை. அவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்காக, எல்லாம் தமிழில் இருக்கிற ஓர் இயங்குதளத்தைப் போட வேண்டும். இருப்பதில் ஒன்றை எடுத்துப் போடாமல் நாமே ஒன்று செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. பெயர், லோகோ, வால்பேப்பர் எல்லாம் தயார். வால்பேப்பரில் ஐந்தருவி.

"பேஸ் மட்டுந்தாண்ணே பாக்கி. நீங்க சொன்னா இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிருவேன்."

பதினைந்து வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறவன் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். நான் ஒன்றரை மாதம் பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அது தப்பான பதில். அதற்கான விலையைக் கொடுத்தது நான் அல்ல.

*

விஷயம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. கண்டிப்பாகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான், வன்பொருளோடு பேசுகிற உள்பகுதி. அதன்மேல் உலாவி, எழுத்துரு, அச்சுப்பொறிக்கான நிரல், கால்குலேட்டர் என்று ஆயிரக்கணக்கான பொதிகளைச் சேர்க்க வேண்டும். அவை ஒன்றோடொன்று முட்டாமல் பார்க்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் அடைக்க வேண்டும். இதையெல்லாம் செய்து தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பதற்குத்தான் வழங்கல் என்று பெயர், டிஸ்ட்ரோ. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-ல் ஏறத்தாழ 70,000 பொதிகள். ஒரு திண்ணையில் இருந்து இதைச் செய்ய முடியாது. ஆகவே புதிதாக இயங்குதளம் 'செய்கிறவர்கள்' அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே இருக்கிற ஒன்றை எடுத்து, அதன்மேல் தங்களுடையதைச் சேர்க்கிறார்கள். உபுண்டு 2004-ல் டெபியனை எடுத்துச் செய்யப்பட்டது. லினக்ஸ் மிண்ட் 2006-ல் உபுண்டுவை எடுத்துச் செய்யப்பட்டது. கட்டற்ற மென்பொருளின் உரிமம் இதை அனுமதிக்கிறது. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. சட்டத்தில் சிக்கல் இல்லாததாலேயே இதில் ஓர் அறக்கேள்வி இருப்பது பலருக்குக் கண்ணில் படுவதில்லை.

மேலே இருப்பதை அப்ஸ்ட்ரீம் என்பார்கள், அதிலிருந்து எடுப்பதை டவுன்ஸ்ட்ரீம் என்பார்கள். சிற்றாற்றுப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இவற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அவை தலைமடை, கடைமடை.

*

2009-ல் நான் கல்லூரி இறுதி ஆண்டில் இருந்தேன். அக்டோபர் கடைசியில் உபுண்டு 9.10 வந்தது. பிராட்பேண்டில் இரவு 2 மணிக்கு மேல் அளவுக்கணக்கு கிடையாது என்பதால் நானும் நண்பனும் விழித்திருந்து இறக்கினோம். அப்போது ரீமாஸ்டர்சிஸ் என்று ஒரு கருவி உண்டு. உபுண்டுவில் வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, மொத்தத்தையும் வேறொரு கணினியில் நிறுவுகிற மாதிரி ஒரே கோப்பாக ஆக்கித் தரும். தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். எழுத்துருக்கள் போட்டோம். ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட், கேஸ்டார்ஸ் சேர்த்தோம். உபுண்டு என்று வந்த இடங்களிலெல்லாம் எங்கள் பெயரைப் போட்டோம். ஓர் ஆற்றின் பெயர் அது. இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கல்லூரியில் விழா எடுத்தார்கள். 'மாணவர்கள் உருவாக்கிய தமிழ் இயங்குதளம்' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். உருவாக்கிய என்ற சொல்லைப் பார்த்து எனக்கு உள்ளே கொஞ்சம் இடித்தது. ஆனாலும் அந்த பிளெக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளி. அங்கே கணினி வாத்தியார் ஒருவர் செய்தி கேள்விப்பட்டு எங்களைக் கூப்பிட்டார். 2010 பொங்கல் கழிந்து இரண்டு நாள் அங்கேயே கிடந்து 18 கணினிகளில் போட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் திரையில் தமிழைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. வாத்தியார் எங்களுக்கு உளுந்தவடையும் காபியும் வாங்கித் தந்து, "நம்ம பிள்ளைய செஞ்சதுடே" என்று மற்ற வாத்தியார்களிடம் சொன்னார்.

உபுண்டுவில் இரண்டு வகை வெளியீடுகள் உண்டு. நீண்டகால ஆதரவு உள்ளது ஒன்று, சாதாரணமானது மற்றொன்று. 9.10 சாதாரணமானது. அப்போது அந்த வகைக்கு 18 மாத ஆதரவுதான். ஆறு மாதம் பொறுத்திருந்தால் நீண்டகால ஆதரவுள்ள 10.04 வந்திருக்கும். எங்களுக்கு ஏது பொறுமை? புதுசாக இருந்தது, பார்க்க அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டோம். அதன் ஆயுள் எவ்வளவு என்பது முதல் நாளிலேயே அறிவிக்கப்பட்ட விஷயம். நாங்கள் அதைப் படிக்கவே இல்லை.

2010 ஜூனில் எனக்குச் சென்னையில் வேலை, நண்பனுக்குப் பெங்களூரில். 2011 ஏப்ரல் 30-உடன் 9.10-க்கான ஆதரவு முடிந்தது. அதன் பொதிகள் பழையவற்றுக்கான கிடங்குக்கு மாற்றப்பட்டன. அதன் பிறகு ஒருநாள் வாத்தியார் போன் செய்தார்.

"தம்பி, அப்டேட் குடுத்தா நானூத்தி நாலுன்னு வருது. புதுசா ஒண்ணும் ஏற மாட்டேங்கு."

"இந்த வாரம் ஊருக்கு வாரேன் சார். வந்து பாத்திருதேன்" என்றேன்.

போகவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை திரையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் கூப்பிடவும் இல்லை.

தம்பி கேட்டபோது நான் பதில் சொல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாத்தியாரைத் தேடிப் போனேன். ஓய்வுபெற்றுவிட்டார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுகொண்டதும் சிரித்தார்.

நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பள்ளி விவரங்களை ஏற்றவேண்டிய ஒரு தளம் அந்தப் பழைய உலாவியில் திறக்கவில்லை. எவரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்தார். கடைக்காரர் எல்லாவற்றிலும் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். ஒரு கணினிக்கு 200 ரூபாய், வாத்தியாரின் கைக்காசு. கட்டற்ற மென்பொருள், சுதந்திரம் என்றெல்லாம் நாங்கள் அந்தப் பள்ளியில் பேசிய பேச்சு 3,600 ரூபாயில் முடிந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார். "விடுங்க தம்பி, நீங்க அப்பம் சின்னப்பிள்ளைய. நாந்தான் கேட்டிருக்கணும். இது ரிப்பேரானா நாளைக்கு யாரைக் கூப்பிடணும்னு முதல்லயே கேட்டிருக்கணும்லா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வாக்கியம்தான் மனதில் ஓடியது. எதை பேஸாக எடுப்பது என்று தம்பி கேட்டதும், யாரைக் கூப்பிடுவது என்று வாத்தியார் கேட்டதும் ஒரே கேள்வி. மேலே நிற்கிறவன் கேட்டால் அது தொழில்நுட்பக் கேள்வி மாதிரித் தெரிகிறது. கீழே நிற்கிறவர் கேட்கும்போதுதான் அது என்னவென்று புரிகிறது.

*

எங்கள் பெரியப்பாவுக்குச் சிற்றாற்றுப் பாசனத்தில், கடைசியாக நிறைகிற ஒரு குளத்தின் கீழ் கொஞ்சம் வயல் உண்டு. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினால் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பும். அவர் கிளம்ப மாட்டார். எந்த அணைக்கட்டில் அடைத்திருக்கிறார்கள், மேலே எந்தக் குளம் நிறைந்திருக்கிறது என்று போனில் விசாரித்துக்கொண்டிருப்பார். அருவியில் விழுகிற தண்ணீருக்கும் அவர் வயலுக்கும் இடையே எத்தனையோ கைகள் இருக்கின்றன. கடைமடைக்காரன் மழையை நம்பி மட்டும் விதைப்பதில்லை. மேலே இருக்கிற மனிதர்கள் நாளையும் இன்றைய மாதிரியே நடந்துகொள்வார்கள் என்று நம்பி விதைக்கிறான்.

மென்பொருளில் இந்த நம்பிக்கை உடைந்த கதைகளில் பெரியது சென்ட்ஓஎஸ். ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிக லினக்ஸை, அதன் மூலநிரலிலிருந்தே மறுபடி கட்டிக் காசில்லாமல் கொடுத்த வழங்கல் அது. 2014-ல் ரெட் ஹாட்டே அதைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. 2019 செப்டம்பரில் வெளியான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்பதே எல்லோருடைய கணக்கும். 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். அதை நம்பி சர்வர்களைக் கட்டியிருந்தவர்கள் எட்டு வருடத்தை ஒரே நாளில் இழந்தார்கள்.

ரெட் ஹாட்டைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள். காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்ட ஒருவர், இவ்வளவு வருடம் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்த உரிமையில் கேட்பது? உரிமத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மாறாக, இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றுதான் ஏறத்தாழ எல்லாக் கட்டற்ற உரிமங்களும் சொல்கின்றன. ஆனால் 2029 என்று ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு, அந்தத் தேதியை நம்பி இன்னொருவர் தன் வேலையை அமைத்துக்கொண்ட பிறகு, அது வெறும் தேதியாக இருப்பதில்லை, வாக்காகிவிடுகிறது. உரிமம் வாக்குக் கேட்பதில்லை என்பதால் கொடுத்த வாக்கு இல்லாமல் போய்விடாது. நான் வாத்தியாரிடம் 'இந்த வாரம் வாரேன்' என்றதும் எந்த உரிமத்திலும் எழுதப்பட்டதல்ல.

சென்ட்ஓஎஸ் கதைக்கு அடுத்த பாதி உண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர் அந்த டிசம்பரிலேயே ராக்கி லினக்ஸை அறிவித்தார். மறைந்துபோன சக நிறுவனர் ராக்கி மெக்காவின் பெயர் அது. இன்னொரு பக்கம் அல்மாலினக்ஸ் வந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் வேறு ஆட்கள் வந்து மடையைத் திறக்க முடிந்தது. கட்டற்ற மென்பொருளின் பெரிய வரம் இதுதான் என்று நினைக்கிறேன். விட்டுப் போகிறவரை அது தடுக்காது. விட்டுப் போன இடத்துக்கு இன்னொருவர் வரலாம் என்பதை மட்டும் அது உறுதிசெய்கிறது. வருவார் என்பதை உறுதிசெய்வதில்லை.

*

அப்படியானால் எவரும் ஒரே நாளில் கைவிட முடியாத தலைமடை எது? டெபியனை நோக்கிக் கை நீள்வது இந்த இடத்தில்தான். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. தன் பெயரையும் அப்போது காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்தார். 1997-ல் பயனர்களுக்கு நாங்கள் இன்னின்னது செய்வோம் என்று ஒரு சமூக ஒப்பந்தத்தை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு ஒரு முதலாளி கிடையாது. ஆகவே அதை விற்கவோ வாங்கவோ ஆள் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயிரம் பேர் போலத் தன்னார்வலர்கள், தேர்தல் வைத்து, வாக்கெடுத்து, மாதக்கணக்கில் சண்டைபோட்டு நடத்துகிறார்கள். இயன் மர்டாக் 2015 டிசம்பரில் இறந்துபோனார். டெபியன் நிற்கவில்லை. தொடங்கியவர் போன பிறகும் நிற்கிறதா என்பது ஓர் அடித்தளத்துக்கு வைக்கக்கூடிய நல்ல சோதனை.

அதற்காக டெபியன் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். 2006-ல் டெபியனில் ஒருவர் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக ஒரு சிறு மாற்றம் செய்தார். அந்த வரி என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. விளைவு, மறையாக்கச் சாவிகள் ஊகித்துவிடக்கூடியவையாக ஆயின. ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 சாவிகள்தான் சாத்தியம். 2008 மே மாதம்தான் இது வெளியே தெரிந்தது. அதற்குள் உபுண்டு உட்பட டெபியனிலிருந்து எடுத்த வழங்கல்களுக்கும் அது இறங்கியிருந்தது. நான் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். தலைமடையில் கலந்தது கடைமடை வரை வரும். இரண்டாவது, ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு டெபியன் ஒரு கடைமடைதான். மேலிருந்து வந்ததைப் புரியாமல் மாற்றியதால் வந்த வினை அது. புதிய வழங்கல் செய்கிற ஒவ்வொருவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

டெபியனும் கைவிடும். பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து பழைய 32-பிட் கணினிகளில் அதைப் புதிதாக நிறுவ முடியாது. படிப்பகத்தின் 14-ல் இரண்டு அப்படிப்பட்ட குட்டி நெட்புக்குகள். ஆர்ச் 2017-லேயே 32-பிட்டை விட்டுவிட்டது. மேலே இருக்கிற யாரோ, நியாயமான காரணத்தோடுதான், இலஞ்சியில் ஒரு பிள்ளை கையில் இருக்கிற கணினிக்கு இனி வயதாகிவிட்டது என்று முடிவுசெய்கிறார். எந்த அடித்தளத்தை எடுத்தாலும் இந்த அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அது அறிவித்துவிட்டு, அவகாசம் கொடுத்துப் பயன்படுத்தப்படுகிற அதிகாரமா என்பதைத்தான் நாம் பார்க்க முடியும்.

லினக்ஸ் மிண்ட் இதற்கு ஒரு வழி கண்டது எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய முக்கிய வெளியீடு உபுண்டுவின் மேல்தான். ஆனால் 2010 முதல் நேராக டெபியன் மேல் ஒரு பதிப்பையும் வைத்திருக்கிறார்கள். உபுண்டு ஒருநாள் இல்லாமல் போனாலும் மிண்ட் பயனர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக. கிணறு இருக்கிறவன் ஆற்றை நம்பலாம்.

*

இவ்வளவும் யோசித்து டெபியன் என்று முடிவெடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. அதற்குக் காரணம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கினால் கேரளம். 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், இப்போது கைட் என்ற அரசு நிறுவனம், அங்கே அரசுப் பள்ளிகளுக்கென்று கட்டற்ற இயங்குதளம் ஒன்றைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. ஆரம்பத்தில் டெபியன் மேல் கட்டினார்கள், பிறகு உபுண்டுவுக்கு மாறினார்கள். உபுண்டு 18.04-ஐ ஒட்டி ஒன்று, 22.04-ஐ ஒட்டி ஒன்று என்று, கீழே ஒன்று காலாவதியாக அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். வாத்தியார்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

அவர்களுடைய அடித்தளமும் உபுண்டு, எங்களுடையதும் உபுண்டு. அங்கே அது வகுப்பறையில் இருக்கிறது. எங்களுடையது 18 மாதத்தில் செத்தது. எதன்மேல் கட்டினோம் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். கட்டிய பிறகு யார் இருந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே அடித்தளத்தை அதன் தகுதியை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. நம் தகுதியையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கக்கூடியவன் புதுப்புது வெளியீட்டை எடுக்கலாம். வேலை கிடைத்தால் ஊரைவிட்டுப் போகிறவன், தான் இல்லாமலும் ஓடக்கூடியதை எடுக்க வேண்டும். நான் 2009-ல் உபுண்டுவைப் பற்றி நிறையப் படித்தேன். என்னைப் பற்றி யோசிக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் மேல் கட்டிய பாஸ் லினக்ஸ் 2007-ல் முதலில் வந்தது. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. படிப்பகத்துக்கு வந்த கணினி ஒன்றைத் திறந்தபோது தொடக்கத் திரையில் இன்னும் அதன் பெயர் இருந்தது. கொடுத்த அக்காவிடம் கேட்டால், "அதுவா, அதைத் தொட்டதே இல்ல தம்பி" என்றார். பாஸ் பற்றிய செய்திகளில் 'இந்தியாவின் சொந்த இயங்குதளம்' என்று எழுதுவார்கள். டெபியனிலிருந்து எடுத்ததை எப்படிச் சொந்தம் என்று சொல்லலாம் என்று உடனே ஒருவர் கிண்டல் செய்வார். இரண்டு பேரும் சொந்தம் என்பதைத் தோற்றத்தில் தேடுகிறார்கள். ஆற்றை யாரும் உண்டாக்கியதில்லை. ஆனாலும் தூர்வாருகிறவர்கள், கரை உடைந்தால் இரவில் மண்மூட்டையோடு ஓடுகிறவர்கள், அதை எங்கள் ஆறு என்று சொன்னால் நாம் சிரிப்பதில்லை.

*

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி, கடைசியில் இப்படி முடித்தேன். "பேரு வேண்டாம்டே. புது ஓ.எஸ்-ஸும் வேண்டாம். டெபியனை அப்படியே போடுவோம். நாம தமிழ்ல பண்ணுறதை டெபியனுக்கே அனுப்புவோம். டெபியன் எடுனு ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடங்களுக்காக டெபியனுக்கு உள்ளேயே இருந்து செய்யிறாங்க. நார்வேல ஆரம்பிச்சது. அது மாதிரி."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். "அப்பம், நீங்க பண்ணின தப்புக்கு நான் பேரு வைக்கக் கூடாதாண்ணே?"

எனக்குப் பதில் வரவில்லை.

"நீங்க பேரு வச்சீங்க, போட்டோ எடுத்தீங்க, அதுல படிச்சுத்தான இன்னைக்கு வேலையில இருக்கீங்க? எனக்கு மட்டும் நோகாம நல்லவனா இருன்னு சொல்லுதீங்க."

அவன் சொன்னது சரி. பொதிகள் எப்படி ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன, இயங்குதளம் எப்படி விழித்தெழுகிறது என்பதையெல்லாம் நான் அந்த வீண்பெருமையில்தான் கற்றேன். பெயர் வைக்கிற ஆசை இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரவுகளில் விழித்திருந்திருக்க மாட்டேன். 1993-ல் ஒருவர் தன் பெயரையும் காதலியின் பெயரையும் சேர்த்து வைத்ததிலிருந்து வந்ததுதானே டெபியனே? தன் தப்பிலிருந்து கற்றதை அடுத்தவனுக்குத் தடையாக மாற்றுவது மூத்தவர்களுக்கு எளிதாக வருகிறது. அதை அறிவுரை என்று நம்பவும் செய்கிறோம்.

அன்று மாலை இருவரும் தென்காசிக்குப் போனோம். காசி விஸ்வநாதர் கோயிலுக்குள் காற்று எப்போதும்போல ஆளைத் தள்ளியது. அந்தக் கோயிலைக் கட்டியவன் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். அவன் பெயரிலான கல்வெட்டுப் பாடல் ஒன்று எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியும். இந்தக் கோயிலில் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர் யாரோ அவர் காலில் விழுகிறேன் என்ற பொருள் வரும். சிறுவயதில் கேட்டபோது ராஜா எதற்குக் காலில் விழவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இந்த முறை வேறு மாதிரி கேட்டது. தான் கட்டியது பழுதாகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பழுதாகும்போது தான் இருக்கப் போவதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. அதே கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றதை எங்கள் அப்பா பார்த்திருக்கிறார். 1990-ல்தான் புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. அந்த ராஜாவும் தன் பெயரை வைக்காமல் இல்லை. பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரோடேயே வரப்போகிறவரை வணங்கினான்.

வெளியே வந்து சுக்குக் காபி குடிக்கும்போது தம்பியிடம், "பேரு வச்சுக்கோ" என்றேன். "ஆனா மூணு விஷயம்."

அந்த மூன்றையும் அவனே பிறகு இன்னும் திருத்தமாக எழுதினான். ஒன்று, அடித்தளம் டெபியன் 13, அதன் களஞ்சியங்களில் கை வைப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நம் வழியாக வராமல் நேராக டெபியனிலிருந்தே வரும். இரண்டு, நாம் சேர்ப்பது எல்லாம் தனித்தனிப் பொதிகளாக இருக்கும். நம் பொதிகளை நீக்கினால் மிச்சம் இருப்பது சுத்தமான டெபியன், அது தொடர்ந்து ஓடும். மூன்று, முடிவுத் தேதி முகப்பிலேயே இருக்கும். டெபியன் 13-க்கான நீண்டகால ஆதரவு 2030 ஜூன் 30 வரை. அந்த இரண்டு நெட்புக்குகளும் டெபியன் 12-ல் நிற்கும். அவற்றுக்கு இதைவிட முந்தைய தேதி, மூடியின் மேலேயே ஒட்டப்படும்.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் இல்லாமலும் ஓட வேண்டும் என்று ஏற்பாடு செய்வது பொறுப்பா, அல்லது போவதற்கு முன்கூட்டியே வழி செய்துகொள்வதா? இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். போன் வரும்போது எடுக்கிறோமா என்பதில்தான் அது தெரியவரும்.

அக்டோபரில் படிப்பகத்தில் 14-ம் ஓடத் தொடங்கின. அந்த வாத்தியாரையும் அழைத்திருந்தேன். பஸ் பிடித்து வந்திருந்தார். ஒரு சிறுமி டக்ஸ் பெயிண்டில் மாடு வரைந்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்தருவிப் படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். இது டெபியன், மேலே நாங்கள் சேர்த்தது ஏழு பொதிகள், 2030 ஜூனுக்குப் பிறகு இதைப் பயன்படுத்த வேண்டாம், பிரச்சினை என்றால் கூப்பிடவும். அதன் கீழே தம்பியின் எண்ணும் என் எண்ணும்.

"ரெண்டு நம்பர் போட்டிருக்கீய" என்றார். "ரெண்டுல ஒண்ணாவது எடுக்கும்லா?"

"எடுக்கும் சார்" என்றேன். அவர் தன் போனை எடுத்து, அங்கே நின்றே என் எண்ணுக்கு ஒரு முறை அடித்துப் பார்த்தார்.